எட்டுத் தலைகளும் இரண்டு வாத்தியார்களும்

ஒடுகத்தூரில் எங்கள் பள்ளியில் படித்துவிட்டுச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பழைய மாணவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். பொங்கல் வாழ்த்து, கோயில் திருவிழா நன்கொடை, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்ற விசாரணை என்று நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த குழு. ஒருநாள் ராத்திரி யாரோ ஒருவர், "நம்ம ஸ்கூல் பசங்கள ஒரு தபா இங்க கூட்டியாந்து காட்டுனா இன்னா?" என்று எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். விடிவதற்குள் மற்றவர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று தொகை எழுதி, கூட்டிப் போட்டு, தலைமையாசிரியருக்கும் அனுப்பிவிட்டார்கள். கொஞ்சம் யோசித்துச் செய்திருந்தால் நான் ஒடுகத்தூரிலேயே இருந்திருப்பேன்.

கூட்டிக்கொண்டு போக ஆசிரியர்கள் இரண்டு பேர் வேண்டும். பெண் பிள்ளைகள் இருப்பதால் கணக்கு டீச்சர் உறுதி. இன்னொருவர் யார் என்ற பேச்சு எழுந்ததும், ஆங்கில ஆசிரியருக்கு அந்த நிமிடமே முதுகு பிடித்துக்கொண்டது. அறிவியல் ஆசிரியருக்கு மைத்துனர் வீட்டில் புதுமனை புகுவிழா. தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். "தமிழ் ஐயா, அங்க தமிழும் ஆட்சிமொழி. உங்களுக்குத்தான் வசதி." ஒரு நாடு நான்கு மொழிகளை ஆட்சிமொழியாக வைத்துக்கொண்ட பாவத்துக்கு நான் விமானம் ஏற வேண்டியதாயிற்று.

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கடல் கடப்பது இப்போது புதிதில்லை. 2022 நவம்பரில் வினாடி வினாவில் வென்ற அறுபதுக்கும் மேற்பட்ட மாணவர்களைத் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை ஷார்ஜா புத்தகக் காட்சிக்கு அழைத்துப் போனது. அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழியும் கூடப் போனார். அந்தச் செய்தியைப் படித்தவர்கள் எல்லாரும் பிள்ளைகளின் அதிர்ஷ்டத்தைப் பேசினார்கள். எனக்கு மட்டும் ஒரே கேள்விதான்: அத்தனை பேரையும் எண்ணியது யார்? 'உலகம் சுற்றிய தமிழன்' என்று பெயர் வாங்கிய ஏ.கே. செட்டியாரை வகுப்பில் நான் மனமாரப் புகழ்ந்திருக்கிறேன். இப்போது நினைத்தால், அவர் உலகம் சுற்றியபோது கூடவே எட்டாம் வகுப்பு ஒன்றும் சுற்றவில்லை.

எங்கள் குழுவில் எட்டுப் பேர். நான்கு பேர் ஒடுகத்தூர், நான்கு பேர் மலைமேல். ஒடுகத்தூர் ஜவ்வாது மலையின் அடிவாரம். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை எல்லாம் எங்கள் தலைக்கு மேலே இருக்கின்றன. அந்த ஊர்ப் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். கட்டுரை, வினாடி வினா, ஓட்டப்பந்தயம் என்று போட்டி வைத்துத்தான் எட்டுப் பேரையும் எடுத்தோம். ஓட்டப்பந்தயத்தில் வென்றவனை எடுத்திருக்க வேண்டாமோ என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

முதல் வேலை பாஸ்போர்ட். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் கட்டணம் ஆயிரம் ரூபாய், அம்மா அப்பா இருவர் சம்மதமும் எழுத்தில் வேண்டும். பிள்ளைகளையும் பெற்றவர்களையும் திரட்டிக்கொண்டு வேலூர் தலைமை அஞ்சலகத்துக்குப் போனோம். பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் மூன்றாவது மாதிரி என்று அப்பாக்களின் பெயர்கள் ஆங்கிலத்தில் வாழ்ந்துகொண்டிருந்தன. ஒரு தகப்பனாரின் பெயர் கடைசியில் 'ஒய்' வருமா 'ஐ' வருமா என்று கவுன்ட்டரில் கேட்டபோது, அவர் மிகுந்த பெருந்தன்மையோடு, "எது இருக்கோ அதப் போடுங்க சார்" என்றார்.

பெரிய தலைவலி குடும்பப் பெயர். நமக்கு இனிஷியல்தான் உண்டு. குடும்பப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டால் போகிற இடத்தில் தகராறு வரும் என்றார் படிவம் நிரப்பித் தந்த கம்ப்யூட்டர் சென்டர்காரர். அது வெறும் பூச்சாண்டி இல்லை. ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கிற பாஸ்போர்ட்டில் வருகிறவர்களை ஏற்பதில்லை என்று 2022இல் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. ஆகவே எட்டுப் பேருக்கும் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டோம். அதன் பலன் சிங்கப்பூர் விடுதியில் கிடைத்தது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் குடும்பப் பெயர்ப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். அதாவது எட்டு அப்பாக்களை வரிசையாகக் கூப்பிட்டார். ஒரு பிள்ளையும் கை தூக்கவில்லை. நான்காவது பெயர் வந்ததும் எங்கள் பொடியன் ஒருவன் கலவரமாகிக் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். "சார், எங்க நைனாவும் வந்துகீறாரா?"

கதையில் முந்திப் போய்விட்டேன், சென்னை விமான நிலையத்துக்கு வருகிறேன். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்று கூட்டம் போட்டு மூன்று முறை சொல்லியிருந்தோம். பாதுகாப்புச் சோதனையில் பீஞ்சமந்தைப் பெண் ஒருத்தியின் பையிலிருந்து ஒரு பாட்டில் தேன் வந்தது. சிங்கப்பூர் அண்ணன்களுக்காக அவள் அம்மா கொடுத்தனுப்பியது.

"தண்ணி, ஜூஸ் எல்லாம்தான கூடாதுன்னீங்க?"

"தேனும் திரவந்தாம்மா."

"இல்ல சார். கலப்படத் தேன்தான் தண்ணி மாதிரி ஓடும். இது ஓடாது. கவுத்துக் காட்டட்டுமா?"

பாதுகாப்புப் படைக்காரர் வடநாட்டுக்காரர். தமிழ் தெரியாது. ஆனால் அவள் மூடியைத் திறந்து பாட்டிலைச் சாய்த்த வேகத்தில் விஷயத்தைப் புரிந்துகொண்டார். தேன் நிஜமாகவே ஓடவில்லை. சோதனைச்சாலை முடிவு அவளுக்குச் சாதகம், சட்டம் எதிர். கணக்கு டீச்சர் வெளியே வழியனுப்ப நின்ற விடுதிக் காப்பாளருக்கு போன் போட்டு, பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அதற்குள் ஏழு பேர் வரிசையின் அந்தப் பக்கமும், டீச்சரும் அவளும் இந்தப் பக்கமுமாகப் பிரிந்துவிட்டோம். அந்தப் பக்கத்து ஏழு பேரை நான் எண்ணினேன். ஆறு வந்தது. மறுபடி எண்ணினேன். ஒன்பது வந்தது. பக்கத்துக் குடும்பத்துப் பையன் ஒருவனைச் சேர்த்து எண்ணியிருக்கிறேன், போதாததற்கு என்னையும்.

அப்போதுதான் எட்டுப் பேரில் ஒருவனான ஆட்டு வியாபாரி மகன் என்மேல் இரக்கப்பட்டான். வெள்ளிக்கிழமைதோறும் ஒடுகத்தூரில் ஆட்டுச்சந்தை கூடும். பண்டிகை வந்துவிட்டால் ஆடும் ஆளும் கலந்து தெருவே தெரியாது. அந்தச் சந்தையில் வளர்ந்த பிள்ளை. "சார், மேய்றத எண்ணக் கூடாது" என்றான். "எங்க நைனா எண்ணவே மாட்டாரு. பட்டி வாசல்ல குந்திக்குவாரு. ஒவ்வொண்ணா உள்ள வரச்சொல்லத் தொட்டு எண்ணுவாரு. நீங்க நடுவுல நின்னுகினு சுத்திச் சுத்தி எண்ணுறீங்க. அதான் தப்பாவுது."

பி.எட். படிப்பில் வகுப்பறை மேலாண்மை என்று ஒரு தாள் உண்டு. அதில் இது இல்லை.

அன்று முதல் அதுதான் எங்கள் முறை. விமான வாசல், பேருந்துப் படி, எஸ்கலேட்டரின் அடி, எம்.ஆர்.டி. ரயில் நிலையத்தில் அட்டையைக் காட்டினால் திறக்கும் கதவு. ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் நுழைய முடியும் என்கிற இடம் சிங்கப்பூரில் நூறு அடிக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். எங்களுக்காகவே கட்டிய ஊர்போல இருந்தது. கணக்கு டீச்சர் முன்னால் போவார். நான் கதவருகே நின்று ஒவ்வொரு தலையையும் தொடுவேன். பிள்ளைகள் தங்கள் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். லிட்டில் இந்தியா நிலையத்தில் ஒருநாள், "ஏழு", "எட்டு" என்று முடிந்ததும் பின்னாலேயே கணீரென்று "ஒம்போது" என்று ஒரு குரல். தொட்ட கையை எடுக்காமல் பார்த்தேன். வழுக்கைத் தலை. எழுபது வயதிருக்கும் உள்ளூர்த் தமிழ்ப் பெரியவர். "நானும் அந்தப் பக்கம்தான் தம்பி போறேன்" என்றார்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் பழைய மாணவர். எங்களுக்காக லீவு போட்டிருந்தார். குறள் ஒப்பிக்காததற்கு ஒரு காலத்தில் நான் அவரை பெஞ்சின்மேல் ஏற்றியிருக்கிறேனாம். எனக்கு நினைவில்லை, அவருக்கு நன்றாக நினைவிருந்தது. எஸ்கலேட்டரில் நான் நடுவில் நின்றால், "சார், இடது பக்கம்" என்பார். சாலையில் பச்சை விளக்கு வருமுன் காலை எடுத்தால், "சார், நில்லுங்க" என்பார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு 'சார்' சொல்லும்போதும் அவர் முகத்தில் ஓர் ஒளி வந்து போயிற்று. பிள்ளைகள் அதை ரசித்தார்கள்.

அவருக்கு ஏமாற்றம் வேறு ரூபத்தில் வந்தது. சாங்கி விமான நிலையத்தை ஒட்டி, 2019இல் திறந்த ஜுவல் என்ற கண்ணாடி மாளிகையின் கூரையிலிருந்து அருவி ஒன்று கொட்டுகிறது. 40 மீட்டர் உயரம். கட்டடத்துக்குள் விழும் அருவிகளில் உலகிலேயே உயரமானது. முதலில் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தினார். பிள்ளைகள் வாய் பிளக்கப் போகிறார்கள் என்று போனை வீடியோவில் வைத்துக் காத்திருந்தார். வாய் பிளந்தார்கள்தான், கேள்வி கேட்பதற்காக.

"மேல மோட்டரு போட்டுகீறாங்களாண்ணா?"

"ஆமாம்ப்பா, பம்ப்லதான் ஏத்துறாங்க."

"நைட்டு ஆஃப் பண்ணிடுவாங்களா?"

"ம்."

"அமிர்திக்கும் ஒரு மோட்டரு போட்டா சித்திரைல தண்ணி வரும்ல சார்?" இது என்னைப் பார்த்து. அமிர்தி அருவியில் வெயில் காலத்தில் பாறைதான் விழும். நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் மனு எழுதச் சொல்வார்கள்.

அடுத்தது மலை. இதை நான்தான் கேட்டு வாங்கினேன், மலைப் பிள்ளைகளுக்கு ஊர் நினைவு வருமே என்று. சிங்கப்பூரின் மிக உயரமான மலை புக்கிட் தீமா. 164 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வேலூர் நகரமே கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அதாவது, நாங்கள் பாஸ்போர்ட்டுக்கு வரிசையில் நின்ற இடம் அந்த நாட்டின் உச்சியைவிட உயரம். நானும் டீச்சரும் மூச்சிரைக்க மேலே போய்ச் சேர்ந்தபோது, எட்டுப் பேரும் உயரம் பொறித்த பாறையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மல எப்ப சார் வரும்?"

"இதாம்மா மலை."

கேட்டவள் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். அந்த நாட்டை அவமானப்படுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பாள் போல. "சுத்தமா வச்சிகீறாங்க சார்" என்றாள்.

கார்டன்ஸ் பை தி பே பூங்காவில் ஒரு கண்ணாடிக் கூடாரம். உள்ளே 35 மீட்டர் உயரத்துக்குச் செயற்கை மலை கட்டி, கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே காட்டில் என்ன குளிர் இருக்குமோ அதை ஏ.சி. போட்டும், என்ன மூடுபனி இருக்குமோ அதைக் குழாய் வழியாகப் பீய்ச்சியும் வைத்திருக்கிறார்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் கொதிக்கிற ஊரில் இது சாதாரணக் காரியமில்லை. பனி பீய்ச்சும் நேரம் வந்ததும் சுற்றியிருந்த கூட்டம் 'ஆ' என்றது. எங்கள் மலைப் பிள்ளைகள் நால்வரும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப்போல நின்றார்கள். "மார்கழில கதவத் தொறந்தா இதான் சார்" என்றான் ஒருவன். "இதுக்கு டிக்கெட் எவ்ளோ?" தொகையைச் சொன்னேன். ஆட்டு வியாபாரி மகன் உடனே ரூபாய்க்கு மாற்றி, எட்டால் பெருக்கி, அந்தப் பணத்துக்கு எத்தனை கிடாய் வரும் என்று சொல்லிவிட்டான். அதன் பிறகு அந்தப் பனி எனக்கும் அத்தனை குளிர்ச்சியாக இல்லை.

ராத்திரி நைட் சஃபாரி. இருட்டில் விலங்கு பார்ப்பதற்கென்றே 1994இல் திறந்த பூங்கா. உலகிலேயே முதலாவது. டிராமில் ஏறி உட்கார்ந்ததும் சத்தம் போடாதீர்கள், கீழே இறங்காதீர்கள் என்று அறிவிப்பு. பக்கத்திலிருந்த பீஞ்சமந்தைப் பெண் என் காதோடு கேட்டாள். "இருட்டுன பெறவு வெளிய போவாத, கரடி நிக்கும்னு எங்கம்மா தினமும் கத்தும். இங்க காசு குடுத்துக் கரடிகிட்ட கூட்டியாந்திருக்கீங்க. எங்கம்மாக்குச் சொல்லிடாதீங்க சார்."

அப்படியானால் அவர்களை எதுவுமே அசத்தவில்லையா? அசத்தியது. அதை யாரும் திட்டத்தில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். ஒரு சாதாரணப் பேருந்து நிறுத்தம். அங்கே ஒரு பலகையில் எந்த எண் பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று காட்டிக்கொண்டிருந்தது. மூன்று நிமிடம் என்றது. மூன்றாவது நிமிடம் பஸ் வந்து நின்றது. பிள்ளைகள் ஏறவில்லை. "குருட்டாம்போக்குல வந்திருக்கும் சார், அடுத்ததப் பாக்கலாம்" என்றார்கள். அடுத்தது ஏழு நிமிடம். எட்டுப் பேரும் நின்று, வழிகாட்டியின் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, பள்ளி ஆண்டு விழாவில் ராக்கெட் விடுவதுபோல எண்ணினார்கள். பஸ் வந்தது. ஊரே பார்க்கும்படி ஒரு கைதட்டல். டிரைவர் சீனர், பயந்துபோய்க் கதவைத் திறந்தார். ஒருவரும் ஏறவில்லை. "இன்னொண்ணு சார், ஒண்ணே ஒண்ணு." மலைக்குத் தார்ச்சாலை வந்ததே சமீபத்தில்தான் என்கிற பிள்ளைகளிடம் அவசரம் என்று எப்படிச் சொல்வது? நானும் நின்று எண்ணினேன். வழிகாட்டி அருவிக்கு எடுக்காத வீடியோவை இதற்கு எடுத்தார்.

அபராதப் பயம் தனி அத்தியாயம். ரயிலில் தின்றால், குடித்தால் 500 டாலர் வரை அபராதம். அந்த எச்சரிக்கைப் படத்தைப் பார்த்ததிலிருந்து ரயில் ஏறுமுன் பாக்கெட்டில் இருக்கும் கடலை மிட்டாயைக்கூட என்னிடம் ஒப்படைத்துவிடுவார்கள். என் ஜிப்பா பை எட்டுப் பேரின் தின்பண்டக் கிடங்காகியது. பிடிபட்டால் சார் மாட்டட்டும் என்ற நல்லெண்ணம். டுரியான் பழம் ரயிலில் ஏறக் கூடாது என்ற பலகையைப் பார்த்ததும் அவர்களுக்கு நியாயம் புரியவில்லை. "நம்ம பஸ்ல பலாப்பழம் எடுத்தாந்தா லக்கேஜ் போட்டுட்டு ஏத்திக்குவாங்கல்ல சார்? மூக்கப் பொத்திக்கிணு லக்கேஜ் போட வேண்டிதான?"

பெற்றோர்களும் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்திருந்தார்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஒடுகத்தூரில் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு, "பையன் சாப்ட்டானா சார்?" என்று அவர்கள் கேட்கும்போது எனக்கு நடுநிசி. மலைமேல் ஓர் அம்மாவுக்கு வீட்டில் சிக்னல் கிடையாது. ஒரு குறிப்பிட்ட பாறையில் ஏறி நின்றால்தான் கிடைக்கும். அங்கே போய் நின்று அவர் கூப்பிடும்போது, தூங்குகிறாள், காலையில் பேசுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? அவள் அறைக்கு வெளியே நின்று டீச்சரை எழுப்பி, டீச்சர் அவளை எழுப்பி, அவள் கண்ணைத் திறக்காமலேயே "சாப்ட்டேம்மா, நல்லாகீறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி விழுவாள். காலையில் கேட்டால், "நானா பேசுனேன்?" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு புல்வெளியில் பணம் போட்ட அண்ணன்கள் எல்லாரும் கூடினார்கள். வார லீவு. பிள்ளைகளுக்குக் கையில் பேனா, சாக்லேட், பிரியாணிப் பொட்டலம். பிரியாணியை ஆம்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்பது ஆபத்து. ஒருவன் "சாதம் நல்லாகீது" என்று நிறுத்திக்கொண்டான். சிங்கப்பூர் எப்படி என்று அவர்கள் கேட்கவே இல்லை. உத்திரகாவேரி ஆற்றில் இந்த வருஷம் தண்ணி போச்சா என்று ஒருவர் கேட்டார். ரெண்டு நாள் போச்சு என்றான் பையன். "இங்க குடிக்கிற தண்ணில ஒரு பங்கு மலேசியாலருந்து வருது, 1962லயே கையெழுத்துப் போட்டு 2061 வரைக்கும் தரணும்னு ஒப்பந்தம்" என்று நான் பொது அறிவை எடுத்துவிட்டேன். மரியாதைக்காக எல்லாரும் தலையாட்டினார்கள். உடனே பேச்சு மறுபடி உத்திரகாவேரிக்குப் போய்விட்டது. சாயங்காலம் வரைக்கும் எழவில்லை. தேன் வராமல் போன கதையை அந்தப் பெண் எல்லாரிடமும் சொன்னாள். சட்டத்தின் பக்கம் பேச அங்கே ஓர் ஆள் இல்லை.

பத்திரமாக ஊர் திரும்பினோம். 'மாணவர்கள் அடைந்த பயன்கள்' என்ற தலைப்பில் நான் அறிக்கை எழுதிக்கொண்டிருந்த ஒரு மாலையில் பள்ளி வாசலில் பைக் நின்றது. போலீஸ்காரர். பாஸ்போர்ட்டை முதலில் கொடுத்துவிட்டு விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. ஆட்டு வியாபாரி மகன் விஷயத்தில் அந்தப் 'பிறகு' இப்போதுதான் வந்திருந்தது.

"பையன் வெளிநாடு போகணும்னு எழுதிக் குடுத்திருக்கான். எப்ப போறான்?"

"போயிட்டு வந்துட்டான் சார்."

அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். அதில் அதற்குக் கட்டம் இல்லை. பையனை வரவழைத்தேன். டீ சொன்னேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்தவர், பேனாவை மூடிக்கொண்டு தன் சொந்த ஆவலில் ஒன்று கேட்டார்.

"அங்க போலீஸெல்லாம் எப்டிப்பா?"

"ஒருத்தரக்கூடப் பாக்கல சார்."

"ஒருத்தர்கூடவா?"

"ரோட்டுல யாரும் நிக்கல சார். கேமராதான் நிக்கிது. அது டீ குடிக்காது."

அவர் டீ கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பையன் மிகுந்த பணிவோடு நின்றுகொண்டிருந்தான். பேனாவைத் திறந்து, நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று எழுதிவிட்டு, சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றார்.